சிரிக்காமல் கேட்க வேண்டிய கேள்வி

குணபூசணி மாமி மஞ்சளைக் கிண்ணத்தில் கரைத்துக்கொண்டு வந்தபோது, நிரஞ்சனி அம்மாவின் வலது கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு உரித்தாள். அம்மாவுக்கு இனி வலிக்காது என்று தெரிந்தும் மெதுவாகத்தான் உரித்தாள்.

“மஞ்சளே வேணாம் போலிருக்கே,” என்று மாமி குனிந்து பார்த்தார். அப்பாவின் தங்கை அவர். “அண்ணி மூஞ்சியப் பாரு, கோயில் அம்மன் மாதிரி. போற நேரத்துல இந்தக் களை எல்லாருக்கும் வராதுலா.”

சுற்றி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிரஞ்சனி துணியைப் பிழிந்தாள்.

அது களை இல்லை என்று அவளுக்குத் தெரியும். கிள்ளானில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவள் பல வருடங்களாக வேலை செய்கிறாள். ரத்தத்தின் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு மாதம் உழைத்துவிட்டு உடைந்துபோகும். உடைந்ததில் ஒரு மஞ்சள் நிறமி மிஞ்சும். கல்லீரல் அதை வாங்கிப் பித்தத்தில் கலந்து வெளியே அனுப்பிவிடும். கல்லீரல் ஓய்ந்துபோனால் நிறமி போவதற்கு வழியில்லாமல் உடம்பிலேயே சுற்றும். முதலில் கண்ணின் வெள்ளையில் தெரியும், பிறகு முகத்தில். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள அத்தனை மாமிகளும் கும்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அம்மாவின் பெயர் ஜெயமாலா. அரசாங்கத் தமிழ்ப்பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போனபின் மகன் பிரகலாதனோடு இந்த வீட்டில் இருந்தார். முந்தாநாள் காலையில் குளியலறையில் ரத்தமாக வாந்தியெடுத்தார். நேற்று மாலை முடிந்துவிட்டது.

கல்லீரல் கல்லாகிவிட்டால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழைய முடியாது. ஆனால் அது நிற்கவும் முடியாது. ஃபெடரல் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டால் கார்கள் எல்லாம் தாமான் குடியிருப்புச் சந்துகளுக்குள் புகுமே, அதுபோல உணவுக்குழாயின் மெல்லிய ரத்தநாளங்களுக்குள் புகுந்துவிடும். அவை அந்தக் கூட்டத்துக்குக் கட்டப்பட்டவை அல்ல. வீங்கும், ஒருநாள் வெடிக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மலாய்க்கார டாக்டர் எல்லாக் கேள்வியையும் ஒழுங்காகத்தான் கேட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், மஞ்சள்காமாலை. அடுத்த கேள்விக்கு வந்தபோது அம்மாவின் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, “ஆல்கஹோல் தக் அடா, கான்?” என்றார். இல்லைதானே என்று அர்த்தம். நிரஞ்சனி வாயைத் திறப்பதற்குள் பிரகலாதன், “நோ, நோ, டாக்டர். ஷி இஸ் எ டீச்சர்,” என்றான். டாக்டர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே கூடாரத்தின் கீழ் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டாக்டர் நிர்மலன். எழுபது வயது. குடும்ப டாக்டர், கோயில் கமிட்டியில் பெரியவர், அப்பாவின் பள்ளித் தோழர். ஜன்னல் வழியே அவர் குரல் கேட்டது.

“முப்பது வருஷமா நான்தான் பாக்கறேன். சர்க்கரை. அதோட கல்லீரல்ல கொழுப்பு. குடிக்காதவங்களுக்கும் வரும்லா. அதுதான் கொடுமை. ஒரு பாவமும் அறியாத மனுஷி.”

நிரஞ்சனியின் கணவன் குரு ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறவன். கறுத்த உடம்பு, முறுக்கின மீசை. வருடாவருடம் பத்துமலைக்குக் காவடி எடுப்பவன், பியர்கூடத் தொட்டதில்லை. கல்யாணமான புதிதில் காய்ச்சல் என்று டாக்டர் நிர்மலனிடம் போனான். “ஒரு நாளைக்கு எத்தனை போத்தல்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“பாத்தியா?” என்று குரு அவள் காதருகே முணுமுணுத்தான். “என் மீசையப் பாத்தே பிளட் டெஸ்ட் எடுத்த ஆளு. அத்தை விஷயத்துல மட்டும் முப்பது வருஷமா அவரு மூக்கே வேல செய்யல.”

“சும்மா இருங்க,” என்றாள். ஆனால் அவன் சொன்னது உண்மை.

அம்மா வாரம் தவறாமல் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு அவளைப் பார்க்க வருவார். கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்துச் சீன மருந்துக்கடையில் சிவப்புப் பேரீச்சையும் உலர்ந்த காளானும் வாங்குவார். அந்தக் கடைகளில் மருந்து வேர்களுக்குப் பக்கத்து அலமாரியிலேயே பிராந்தியும் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்குச் சூப்பில் ஊற்ற என்று எல்லா இனத்தாரும் வாங்குவது. சேலை கட்டின வயதான டீச்சர் ஒரு போத்தல் வாங்கினால் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்றுதான் கடைக்காரர் நினைப்பார். வீட்டில் அது நீல நிறப் பிளாஸ்க்குக்குள் போகும். பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடிப்பார். சுக்குத் தண்ணி என்பார். வாயில் எப்போதும் ஒரு கராம்பு. டீச்சர் தொண்டைக்கு அது நல்லது என்பார். பேசும்போது முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். அடக்கம் என்று ஊர் சொல்லும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், டாக்டர் நிர்மலனின் கிளினிக்கிலிருந்து அவள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்த ரத்தக் குழாய்களில் அம்மாவுடையதும் ஒன்று. சிவப்பணுவின் பருமன் நூறைத் தாண்டக்கூடாது. அம்மாவுடையது நூற்றாறு. குடி, எலும்பு மஜ்ஜையில் அணு உருவாகும்போதே அதை ஊதவைத்துவிடும். அணு நான்கு மாதம் வாழ்வதால், நேற்றும் முந்தாநாளும் குடிக்காமல் இருந்துவிட்டு வந்து ஊசிக்குக் கை நீட்டினாலும், ரத்தம் பழைய கதையைச் சொல்லிவிடும். கல்லீரல் எண்களும் அப்படித்தான். கொழுப்பினால் வந்த கோளாறு என்றால் இரண்டு எண்களில் ஒன்று ஏறும். குடியினால் என்றால் பெரும்பாலும் மற்றது ஏறும். அம்மாவுக்கு மற்றது, முதலாவதைப்போல இரண்டு மடங்கு ஏறியிருந்தது. ஒரு எண் பொய் சொல்லலாம். மூன்று எண்களும் சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டினால் டாக்டர் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவ்வளவுதான் அதில் வேலை.

அவள் அம்மாவோடு கிளினிக்குக்குப் போய், முதலில் தனியாக டாக்டரிடம் கேட்டாள். “அணு ஏன் அங்கிள் இவ்வளவு பெருசா இருக்கு?”

“சைவச் சாப்பாடுலா, விட்டமின் பி-ட்வெல்வ் கொறைஞ்சிருக்கும். ஊசி போட்டுடலாம்.”

“அம்மாகிட்டக் கேளுங்க அங்கிள். நீங்க கேட்டா சொல்லுவாங்க.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, அம்மா உள்ளே வந்து உட்கார்ந்ததும், நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெரிதாகச் சிரித்தார். “என்னா டீச்சர், தண்ணி கிண்ணி அடிக்கறீங்களா? ஒங்க மக என்னைய மிரட்டறா.”

அம்மா சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஆமா டாக்டர். ராத்திரியானா அது இல்லாமத் தூக்கமே வராது,” என்றார்.

டாக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நர்ஸும் சிரித்தாள். அம்மாவும் கடைசியில் சிரித்தார். நிரஞ்சனி மட்டும் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கைப்பையின் வாரை இறுகப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அம்மா ஒரு மாதம் கிள்ளானுக்கு வரவில்லை.

*

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம்; அந்த ஊர் வழக்கப்படி எட்டாம் நாள் ‘எட்டு’ வைத்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைப்பது. இருட்டினதும் அதில் ஒரு பங்கை வீட்டு ஆண்பிள்ளை முச்சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரவேண்டும். ஆண்களுக்குச் சுருட்டும் சாராயமும்கூட வைப்பதுண்டு. தாத்தாவின் எட்டுக்கு ஒரு முழு விஸ்கி போத்தல் வைத்தார்கள். “ஐயா இத வச்சாத்தான் கண் தொறப்பாரு,” என்று இதே மாமி சிரித்துக்கொண்டே திறந்து வைத்தார். அம்மாவின் இலையில் பாலப்பம், பயத்தம் பணியாரம், கத்தரிக்காய்க் குழம்பு, உளுந்து வடை, ஒரு டம்ளர் காபி.

நிரஞ்சனியின் மனது இலையில் இல்லை. போன மாதம் அண்ணன் பிரகலாதனின் ரத்தமும் அவள் கைக்கு வந்திருந்தது. அதே பெரிய அணுக்கள். அதே மடங்கு. அவன் மீன், கோழி எல்லாம் சாப்பிடுகிறவன். பி-ட்வெல்வ் என்று தள்ளிவிட முடியாது. நாற்பத்து மூன்று வயது, பேங்க் ஆபீசர், கோயில் கமிட்டியில் பொருளாளர். கல்லீரலைப்போல மன்னிக்கிற உறுப்பு உடம்பில் வேறு இல்லை. கல்லாவதற்கு முன்னால் குடியை நிறுத்திவிட்டால் அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அண்ணனுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவள் கேட்டதற்கு, “ஒன் மெஷினுக்குத்தான் போதை, தங்கச்சி,” என்றுவிட்டான். டாக்டர் அங்கிள் சொன்னால் மட்டும் கேட்பான். சின்ன வயதிலிருந்தே அப்படி.

டாக்டர் படத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். “பிரகா, ஒனக்கும் லிவர் கொஞ்சம் ஏறியிருக்குடா. குடும்ப வாகு. நெய்யக் கொறை.”

நிரஞ்சனி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். “அங்கிள், அவன்கிட்டக் கேளுங்க.”

“என்னாம்மா?”

“அம்மாகிட்டக் கேட்டீங்களே, அது. இந்தத் தடவை சிரிக்காமக் கேளுங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. “பாத்தியாடா, தங்கச்சிக்குச் சந்தேகம். என்னா, தண்ணி கிண்ணி உண்டா?”

“கோயில் பொருளாளர்லா நானு,” என்றான் பிரகலாதன். “மாசம் ஒரு தடவ தீர்த்தம் உண்டு அங்கிள்.”

எல்லாரும் சிரித்தார்கள். எட்டு வீட்டில் சிரிக்கலாமா என்று ஒரு மாமி வாயை மூடிக்கொண்டார்.

நிரஞ்சனி அம்மாவின் அறைக்குள் போனாள். நீலப் பிளாஸ்க் கட்டிலுக்குப் பின்னால் அப்படியே இருந்தது; பாதிக்குமேல் நிறைந்திருந்தது. மூடியைக் கழற்றி விளிம்புவரை ஊற்றினாள். சிந்தாமல் நடந்து வந்து, இலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது என்னாடி?” என்றார் குணபூசணி மாமி.

“அம்மாவுக்குப் பிடிச்சது, மாமி.”

மாமி குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். அந்த வாசனைக்குக் கராம்பின் மறைப்பு இல்லை. ஊதுவத்தியையும் தாண்டி வந்தது. பிரகலாதன் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் அதைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கடைசியில் தன் கைகளைப் பார்த்தார். முப்பது வருடம் அவர் முகத்தில் ஒரு கணம் வந்து நின்றது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நிரஞ்சனி காத்திருந்தாள்.

“டீச்சருக்கு இருமல் இருந்திச்சில்ல,” என்றார் அவர்.

“ஆமா டாக்டர்,” மாமி உடனே பிடித்துக்கொண்டார். “இருமல் மருந்து. ரொம்ப நாளா குடிச்சிக்கிட்டிருந்தாங்க.” உளுந்து வடைகளை நகர்த்தி மூடிக்கு முன்னால் அடுக்கினார்.

விளக்கு வைத்தபின் படையலில் ஒரு பங்கை அலுமினியத் தட்டில் எடுத்தார்கள். நிரஞ்சனி மூடியையும் அதில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. பிரகலாதன் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாக ஸ்காட் ரோட்டுப் பக்கம் நடந்தான். வழக்கப்படி யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தான்.

தட்டு காலி. நடுவில் பிளாஸ்க் மூடி கவிழ்ந்திருந்தது. அவள் நிமிர்த்திப் பார்த்தாள். சொட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை.

“கீழ ஊத்திட்டியாண்ணே?”

“ஊத்திட்டேன்லா.”

டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். “வரேன்டா பிரகா. நெய், எண்ணெய் பாத்துக்க. அடுத்த மாசம் இன்னொரு டெஸ்ட் எடுத்துடலாம்.”

“சரி அங்கிள்.” முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு சொன்னான். நாக்கால் எதையோ கன்னத்தின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

டாக்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். நிரஞ்சனி வெளிக்குழாயைத் திறந்து மூடியைக் கழுவினாள். வாசலிலிருந்து கராம்பு வாசனை குழாயடிவரை வந்தது.