திட்டிக்கொண்டே ஓடியவள்

நூறு மீட்டர் ஓட்டத்தில் யோசிக்கக்கூட நேரமில்லை என்பார்கள். ஓடிப் பார்க்காதவர்கள் சொல்கிற பேச்சு அது. பயப்படுவதற்கு அந்த நூறு மீட்டரில் எவ்வளவு தாராளமாக இடம் இருக்கிறது என்று கண்ணாடியைக் கேட்டால் சொல்வாள்.

கண்ணாடி என்பது அவளுடைய பட்டப்பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. ஓட்டக் குழுவில் சேர்ந்த புதிதில் அதை வைத்துத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், கேலி ஒன்றும் இல்லை. போன வருடம் வலது தொடையின் பின்தசை கிழிந்து, நொண்டி நொண்டி மைதானத்துக்கு வந்தாளே, அன்றைக்குத்தான் அந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தம் முளைத்தது. "பாத்து, பாத்து, கண்ணாடி வருது, யாரும் இடிச்சிடாதீங்க" என்று வழிவிடுவார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வது?

கிழிந்த அன்று அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. பாதி தூரம் தாண்டி, முன்னால் ஒருத்தியும் இல்லாமல் பறந்துகொண்டிருந்தபோது தொடைக்குள் 'டப்' என்று ஒன்று. தைத்து முடித்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தது போல. வலி, கீழே விழுந்தது, கன்னம் சிராய்த்தது எல்லாம் அதற்கப்புறம்தான். மருத்துவரிடம் சொன்னபோது, "அப்படியாம்மா?" என்று கேட்டுக்கொண்டு வேறு எதையோ எழுதினார். கேட்டது அவளுக்குத்தானே, அவருக்கென்ன?

தசை ஆறிவிட்டது. அந்த மருத்துவரே அழுத்தி, மடக்கி, நீட்டிப் பார்த்துவிட்டு, இனி தைரியமாக ஓடலாம் என்று அனுப்பிவைத்தார். காதுதான் ஆறவில்லை. துப்பாக்கி வெடித்து நாலு எட்டு வைப்பதற்குள் காது நேராகத் தொடைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது வருமா, இதோ வந்துவிடுமா என்று அந்தச் சத்தத்துக்காகக் காத்துக் கிடக்கும். காலை முழுதாக நீட்டப் பயந்து, எட்டைச் சுருக்கி, எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாக வந்து சேர்வாள். வந்ததும் தொடையைத் தடவிப் பார்த்து, அப்பாடா என்று சிரிப்பாள். கடைசியாக வந்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிற ஓட்டக்காரியை அந்த மைதானம் கண்டதே இல்லை.

மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பகலெல்லாம் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் கணக்கெடுத்துவிட்டு, காலையும் மாலையும் இவர்களை ஓடவைக்கிற மனிதர் அவர்.

"ஞாயித்துக்கிழமை தேர்வு ஓட்டம்" என்றார். "முதல் ரெண்டு பேருக்குத் தொடர் ஓட்டக் குழுவுல இடம். நீ ஜெயிக்கிறியோ தோக்கிறியோ, அது வேற விஷயம். ஆனா இந்தத் தடவையும் காலை மடியில கட்டிக்கிட்டு ஓடினேன்னு வெச்சுக்கோ, அப்புறம் எந்தப் போட்டிக்கும் உன் பேரை நான் குடுக்க மாட்டேன். நீ ஓடுறதைப் பாத்தா எனக்குத் தொடை வலிக்குது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஓட்டம் போனால் என்ன மிஞ்சும்? தேய்க்கிற எந்திரத்தின் முன்னால் குனிந்த கழுத்து, லென்ஸ் துகள் படிந்த விரல்கள், வீடு, மறுபடி கடை. ஓட்டம் ஒன்றைத் தவிர அவளுடையது என்று சொல்ல அவளிடம் வேறு எதுவும் இல்லை. அதை இழப்பதும் பயமாக இருந்தது, அதற்காகக் காலை நீட்டுவதும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த கணவனிடம் கேட்டாள்.

"என்னங்க, நாளைக்கு நான் போகலைன்னா என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கலாம்" என்றான் அவன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். சட்டை மடிப்பைக்கூட மட்டம் வைத்த மாதிரி மடிப்பான். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே, "எனக்கும் பயம் உண்டு, தெரியுமா?" என்றான். "மேல் மாடியில கதவைத் திறந்து அந்தக் குழிக்குள்ள எட்டிப் பாக்கும்போது, லிஃப்டைத் தாங்குற கம்பிக் கயிறு அறுந்துடுமோன்னு தோணும்."

"இத்தனை வருஷத்துல நீங்க சொன்னதே இல்லையே!"

"சொன்னா என்னை வேலைக்கு அனுப்புவியா நீ?"

"அப்ப என்னதான் பண்ணுவீங்க?"

"திட்டுவேன்."

"யாரை?"

"அந்தக் கம்பிக் கயித்தை. எரும மாடே, தொங்குறதைத் தவிர உனக்கு வேற என்ன வேலை, ஒழுங்கா தொங்குன்னு. வாய் ஓயாம திட்டிக்கிட்டே இருந்தா பயத்துக்குப் பேச இடம் கிடைக்காது."

அவள் சிரித்தாள். ஆனால் மனதில் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு காலை உடை மாற்றும் அறையில் தைல வாடை மூக்கைத் துளைத்தது. மற்ற பெண்கள் வளைந்தார்கள், குதித்தார்கள், ஒருத்தி சுவர்க் கண்ணாடியைப் பார்த்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இவள் ஷூ நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். வலது தொடை லேசாக இழுப்பது போல் இருந்தது. நிஜமாகவே இழுக்கிறதா, இல்லை பயம் இழுக்கிறதா? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு வருடமாக அவளால் முடியவில்லை. மாஸ்டரிடம் போய், முடியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று எழுந்தாள். அதற்குள் வெளியே பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

கோட்டில் குனிந்து உட்கார்ந்தாள். கைகள் தரையில், கால்கள் உதைத்துக் கிளம்புகிற கட்டையில். அடுத்த பாதையில் நெட்டையாக ஒருத்தி, நெட்டச்சி என்றே எல்லோரும் அழைக்கிறவள், மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "செட்" என்றார் துப்பாக்கிக்காரர். இடுப்பு உயர்ந்ததும் வலது தொடை கல்லாக இறுகியது. காது இறங்கித் தொடைக்குப் போகப் பார்த்தது.

வெடித்தது.

ஓடு சனியனே, என்று காலைத் திட்ட ஆரம்பித்தாள் அவள். ஓடு, மூதேவி. வருஷம் பூரா உன்னை உட்கார வைத்து, ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவிச் சீராட்டினேனே, நோகாமல் தின்று கொழுத்தாயே, இப்போது என்ன வலிக்கிறது உனக்கு? நீட்டு. இன்னும் நீட்டு. தண்டம், தண்டச்சோறு, நீட்டுடி! திட்டத் திட்ட வார்த்தை கொட்டியது. இவ்வளவு வசவு தன்னிடம் கைவசம் இருந்தது அவளுக்கே தெரியாது. கால் நீண்டது. தரை பின்னால் ஓடியது. இருபுறமும் கூட்டம் எழுந்து நின்று கத்தியது, எல்லாம் தனக்காகத்தான் என்று நினைத்தாள். பக்கத்தில் ஒருத்தியையும் காணோம், அவ்வளவு முந்திவிட்டேனா என்று அதையும் நம்பினாள். நெஞ்சை முன்னால் தள்ளிக் கோட்டைக் கடந்தாள்.

கோட்டருகில் இருந்த அதிகாரி இவளைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கடிகாரப் பலகை வெறுமையாக நின்றது.

திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லோரும் அங்கே, புறப்பட்ட இடத்திலேயே, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். எவளோ ஒருத்தி துப்பாக்கிக்கு முன்பே பாய்ந்துவிட்டாளாம். அப்படிப் பாய்ந்தால் உடனே இரண்டாவது வெடி வெடிக்கும், எல்லோரும் நின்று திரும்பிவிட வேண்டும். ஓடுகிற சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதி. இரண்டாவது வெடி ஊருக்கே கேட்டிருக்கிறது. வசவு மழையில் இவளுக்கு மட்டும் கேட்கவில்லை. கூட்டம் கத்தியது, நில்லு நில்லு என்று.

மூச்சிரைக்கத் திரும்பி நடந்தாள். அரங்கம் பூராவும் சிரிப்பு. "கண்ணாடிக்கு அடுத்தது காது மெஷின்தான்" என்றது ஒரு குரல். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கம்பி வேலியோரம் அவளோடு கூடவே நடந்து வந்தார்.

"முழுசா ஓடின" என்றார்.

"பாத்தீங்களா மாஸ்டர்?"

"பாத்தேன். போதும். இப்ப விலகிக்கோ. மறுபடியும் ஓடாதே."

அவள் நின்றுவிட்டாள். துப்பாக்கிக்காரரிடம் போய், ஓடின ஓட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "தனியா ஓடினா எல்லாரும் முதல்தாம்மா" என்றார் அவர். கெட்டவரில்லை. கொஞ்சம் இளைப்பாறிக்கொள்ள நேரம் கொடுத்தார்.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "சொன்னாக் கேளு. களைச்ச தசைதான் கிழியும். ஆறின இடத்துக்கு உடனே இன்னொரு முழு ஓட்டம் ரொம்ப ஜாஸ்தி. இனிமே எல்லாப் போட்டிக்கும் உன் பேரைக் குடுப்பேன், அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு. இந்த இடம் போனாப் போகட்டும்."

ஒரு வருடமாக அவள் பயந்ததெல்லாம் அவளுடைய கற்பனை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இன்று முதல்முறையாக மாஸ்டரே பயப்படுகிறார். தொடையில் கை வைத்தாள். சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. இது நிஜமான ஆபத்து. விலகிக்கொண்டால் ஒருத்தரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள்.

முன்னே பாய்ந்தவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு போனாள். மீதிப் பேர் கோட்டுக்கு வந்தார்கள். நெட்டச்சி இவளை ஒரு பார்வை பார்த்தாள். பாவம், இவள் கதை முடிந்தது என்கிற பார்வை.

"நான் ஓடுறேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்க் குனிந்தாள்.

இந்தத் தடவை திட்டு வரவில்லை. திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமே. வெடித்தது, எழுந்தாள், ஓடினாள், காது தொடைக்கு இறங்கியது, பயம் அவளோடு ஒட்டிக்கொண்டே ஓடியது. பாதி தூரத்தில் தொடை இறுகியது. எட்டு சுருங்க வேண்டிய இடம் இதுதான், எப்போதும் சுருக்குகிற இடம். முன்னால் நெட்டச்சியின் தோள் தெரிந்தது. அந்தத் தோள் விலகி விலகிப் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. கிழிந்தால் கிழியட்டும் என்று நீட்டினாள்.

மூன்றாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்த நெட்டச்சிக்கும் இவளுக்கும் நடுவில் ஓர் உள்ளங்கை அகலம்.

பாதையிலேயே பொத்தென்று உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவன் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"எந்த இடம்? அசைக்காதே, காலை அசைக்காதே! மாஸ்டர், சீக்கிரம் வாங்க!"

அவன் கையைத் தட்டிவிட்டாள். "காலுக்கு ஒண்ணும் இல்லைங்க! தோத்துட்டேன்! அவகிட்டப் போய்த் தோத்துட்டேன்! இன்னும் ரெண்டு எட்டு இருந்திருந்தாப் பிடிச்சிருப்பேன்!" என்று தரையை அறைந்து அறைந்து அழுதாள்.

அவன் ஒன்றும் புரியாமல் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தான்.

"அழட்டும், விடுங்க" என்றார் மாஸ்டர். "தோத்ததுக்கு அழுறா."

ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் அதைச் சொன்னார்.