சிவப்புக் கோலும் நாற்பத்தொரு வண்டிகளும்

சிவப்புக் கோல் வந்து சேராததால் ஒரு மணி நேரமாக நாற்பத்தொரு வண்டிகள் கணவாய்ச் சாலையில் நின்றன. நிறுத்தி வைத்திருந்தவள் ஜிபார்.

சாலையை அகலப்படுத்தும் வேலை ஐந்து மாதமாக நடக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரே தடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். மேல்முனையில் ஜிபார், கீழ்முனையில் எசென். வாக்கி-டாக்கி அந்த வளைவுகளில் கரகரப்பதோடு சரி. ஆகவே கீழிருந்து வரும் கடைசி வண்டியிடம் எசென் சிவப்புக் கோலைக் கொடுத்தனுப்புவான். அது கைக்கு வந்தால்தான் தடம் காலி. பிறகு ஜிபார் தன் பக்கத்தை விட்டு, கடைசி வண்டியிடம் கோலைத் திருப்பி அனுப்புவாள். தங்கும் முகாம்களும் வேறு வேறு என்பதால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் எசென் ஒரு நாளும் தவறாக வண்டி விட்டதில்லை. ஜிபாருக்கு அது முகத்தைவிடப் பெரிய விஷயம்.

இன்று, பின்னால் ஒரு ஜீப் கோலோடு வருகிறது என்று சொல்லிவிட்டு மற்ற வண்டிகள் போய்விட்டன. அந்தக் கடைசி ஜீப்பைத்தான் காணோம்.

"கோல் ஆத்துல விழுந்திருக்கும், விட்டுரு தங்கச்சி" என்றார் வரிசையில் முதலில் நின்ற லாரிக்காரர்.

"விழுந்தது கோலா ஜீப்பான்னு தெரியட்டும்ண்ணே."

அப்போதுதான் வளைவில் ஓர் ஆடு தெரிந்தது. அதை இழுத்தபடி, ஜீப்பை ஓட்டிவந்த கிழவர் மாம்பெத், கோலைக் கொடிபோல் உயர்த்திப் பிடித்து நடந்து வந்தார். பின்னால் புல்டோசர் ஓட்டும் கூபத்தும் முகாம் சமையல்காரரும். கோலின் நுனியில் ஒரு துணி முடிச்சு.

எசென் செய்தது இவ்வளவுதான்: ஒரு ஜோடி வெள்ளித் தோடு, 'சம்மதமா? எசென்' என்று ஒரு சீட்டு, இரண்டையும் முடிந்து கடைசி வண்டியிடம் கொடுத்துவிட்டான். முடிச்சைப் பிரித்துப் பார்த்த மாம்பெத்துக்குத் தான் பெண் கேட்கப் போகிறவன் என்பது புரிந்துவிட்டது. பெண் கேட்கத் தனியாகப் போவதா, வெறுங்கையோடு போவதா? வழியில் வேலை செய்துகொண்டிருந்த இருவரையும் மாப்பிள்ளை வீட்டாராக்கினார். மேய்ப்பன் ஒருவனிடம் ஆடு வாங்கினார். ஆடு ஜீப்பில் ஏற மறுத்ததால் எல்லோரும் நடந்தே வந்துவிட்டார்கள். ஜீப்பும் புல்டோசரும் தடத்தின் நட்டநடுவில் நின்றன.

"பெண் கேட்டு வந்தவன் பதில் வாங்காம கையில இருக்கிறதைக் கொடுக்க மாட்டான்மா" என்றார் மாம்பெத்.

கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் பெண் வீடாகிவிட்டது. லாரிக்காரர் தாய்மாமன் ஸ்தானத்தில் நின்று வழக்கப்படி மாப்பிள்ளையின் ஏழு தலைமுறை முன்னோர் பெயர்களைக் கேட்டார். மாம்பெத்துக்கு மாப்பிள்ளை பெயரே சீட்டைப் பார்த்துத்தான் தெரியும். சங்கடத்தைத் தீர்க்க, கூபத் தன்னுடைய ஏழு தலைமுறையை ஒப்பித்தான். நல்ல வம்சம் என்று ஒரு முலாம்பழக்காரி பாராட்டினாள். பல் பிடுங்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர், கன்னத்தைப் பிடித்தபடி, ஹாரனை அழுத்தினார்.

"சரின்னு சொல்லிடும்மா. எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோமில்ல?"

அந்த வார்த்தையை ஜிபார் முன்பே கேட்டிருக்கிறாள். பத்தொன்பது வயதில், வாசலில் கார் உறுமிக்கொண்டிருக்க, பெண் கேட்டு வந்தவர்கள் காத்திருக்கிறார்களே என்று 'சரி' சொன்னாள். அந்தச் சரியிலிருந்து மீண்டுவர ஆறு வருடம் பிடித்தது.

"எல்லாரும் எஞ்சினை அணைங்க" என்றாள்.

ஒவ்வொன்றாக அணைந்தன. கீழே ஆறு ஓடும் சத்தம் கேட்டது. ஆடு எதையோ மென்றது.

"தாத்தா, இப்போ இதுதான் என் வாசல். சவுக்கும் கோலுமா ஒரு வீட்டுக்குள்ள நுழைவாங்களா?"

கிழவர் முகம் வெட்கத்தில் சிவந்துவிட்டது. அவர்கள் ஊரில் சண்டைக்கு வருகிறவன்தான் அப்படி நுழைவான். இரு கைகளாலும் கோலை நீட்டினார். ஜிபார் முடிச்சை அவிழ்த்துத் தோடுகளைச் சட்டைப் பையில் போட்டாள். காதிலும் போடவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை.

"அப்போ சம்மதமா?"

"அதை அனுப்பினவர்கிட்ட சொல்லிக்கிறேன். நீங்க ஜீப்பை எடுங்க."

ஜீப் மேலே வந்து, புல்டோசர் ஒதுங்கி, தடம் காலி என்று தானே நடந்து பார்த்த பிறகுதான் வண்டிகளை நிறுத்தும் பலகையைப் பச்சைக்குத் திருப்பினாள். கடைசியாக வந்த ரொட்டி வேன்காரர் கோலை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையிடம் என்ன சொல்லட்டும் என்று ஆசையாகக் கேட்டார்.

"ஏழு மணிக்கு வேலை முடிஞ்சதும் நடந்து வரச் சொல்லுங்க."

வேன் நகர்ந்தது. ஜிபார் பின்னாலேயே ஓடி அதன் பக்கவாட்டில் தட்டினாள்.

"தலைக்கவசத்தைக் கழட்டாம வரச் சொல்லுங்க. மூணாவது வளைவுல கல் உருளுது."