இருபதாவது கம்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கூட்டக் குறிப்பிலிருந்து கிளம்பியது. ஆடு மேய்க்கும் பத்தொன்பது குடும்பங்கள், வறண்டுபோன மேய்ச்சல் நிலத்தில் பாதியை ஒரு வருடம் மூடிவைக்க முடிவெடுத்த கூட்டம். அவர்கள் வழக்கம் எனக்குப் பிடித்துப்போயிற்று. சம்மதிப்பவர் தன் கம்பை நிலத்தின் எல்லையில் கிடத்துவார். மறுபடி திறக்க வேண்டுமானால் அவரவர் கம்பை அவரவரே எடுக்க வேண்டும். ஒரு கம்பு கிடந்தாலும் எந்த ஆடும் உள்ளே போகக் கூடாது.

2

முதல் வரைவில் இருபது குடும்பம் என்று எழுதிவிட்டேன். இருபதாவது ஆள் ஒரு தனிக்கட்டை. ஒரு நாள் அவன் மூடிய நிலத்துக்குள் (ஏன் போனான்? யார் கூப்பிட்டது?) நடந்தான். புல் அவன் இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, அப்புறம்...

அங்கே புல் முழங்காலுக்கு மேல் வளராது. இந்த ஆள் கதைக்கு ஒட்டவில்லை என்று நீக்கிவிட்டேன். அவன் கம்பை நீக்க மட்டும் மறந்து தொலைத்தேன்.

3

வருடம் முடிந்தது. வெளியே வெறும் மண். ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிகிறது. நடுப்பகலில் பத்தொன்பது பேரும் கம்பை எடுத்தார்கள். ஒன்று கிடந்தது.

"யாருதுப்பா இது?" என்றாள் மேய்ப்பர் சங்கத்தின் தலைவி.

அவள் கொழுந்தன் குனிந்து பார்த்தான்.

"அண்ணி, பிடி ஈரமா இருக்கு. இப்பத்தான் யாரோ வேர்த்த கையோட வெச்ச மாதிரி."

"தொடாதே! எடுக்கிறவன் அந்த வீட்டு ஆளாயிடுவான். எந்த வீடுன்னே தெரியல, அறிவிருக்கா உனக்கு?"

4

அந்தக் கடைசி வசனம் நான் எழுதியதல்ல. சத்தியமாக.

முடிவு ஒன்று: நல்ல மழை பெய்து வெளியிலும்... (வேண்டாம், ஏமாற்று வேலை.)

முடிவு இரண்டு: கம்பையே அழித்துவிடுவது. அழித்தேன். அடுத்த பக்கத்தில் கிடந்தது.

இன்று தலைவி நேராக என் பக்கம் திரும்பிவிட்டாள். "காலையில ரெண்டு குட்டி செத்துப்போச்சு. நீங்க எழுதினதுதானே? வந்து எடுங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. எடுப்பவர் எங்கே நடக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் புல்லை உங்களிடம் மறைக்கத்தான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. இனி உங்களுக்கும் தெரியும்.

என் கை போக மாட்டேன் என்கிறது. கீழே கொஞ்சம் இடம் விடுகிறேன், உங்கள் விரலுக்கு எட்டும். எடுப்பீர்களா, சீக்கிரம் சொல்லுங்கள். மூன்றாவது குட்டி படுத்துவிட்டது.