வியர்க்காத பொம்மை

வெட்டும் மேசை யாருக்கு என்பதை இந்தக் கோடையே முடிவுசெய்யட்டும் என்று மாமியார் அறிவித்துவிட்டார். தையற்கடை அவருடையது. மருமகள்கள் இருவரில் எவளுடைய மாதிரி உடையை விடுதி ஏற்கிறதோ, அவள் கையில் கத்தரிக்கோல். மற்றவள் ஓரம் அடிக்கும் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டும். விடுதி கேட்டது ஒன்றுதான்: வெயில் விழும் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கும் பெண்களுக்கு மிடுக்கான கோடைச் சீருடை.

ஆகவே இருவரும் தாம் தைத்ததைத் தாமே அணிந்து, நண்பகலில் அந்த வாசலில் எதிரெதிரே நின்றார்கள். மூத்தவளுடையது கருநீல லினன் கோட்டு. இடுப்பைப் பிடித்து, தோளை நிமிர்த்தி, உள்ளே வழுவழுப்பான லைனிங் வைத்தது. இளையவளுடையது வெளிர்சாம்பல் பருத்தியில், காற்றுப் புகும்படி தளர்வாக விழுந்த நீள்சட்டை.

“நைட்டியோடயே கிளம்பி வந்துட்டியா? அவசரத்துல மாத்த மறந்துட்ட போல,” என்றாள் மூத்தவள்.

“நீங்க ஏன்க்கா கம்பளி போத்திக்கிட்டு வந்திருக்கீங்க? குளிர் ஜுரமா?”

விடுதியின் மேலாளர் அம்மாள் நிழலில் நின்று இருவரையும் அளந்துகொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் இளையவளின் அக்குளுக்குக் கீழே கரிய வட்டம் ஒன்று தோன்றி விரிந்தது, முதுகில் இன்னொன்று. கடையில், மின்விசிறிக்கு அடியில், பொம்மைக்கு மாட்டித்தான் அவள் அழகு பார்த்திருந்தாள். பொம்மைக்கு வியர்ப்பதில்லை. வெளிர்சாம்பல் ஒரு சொட்டையும் ஒளிக்காது என்பது அதனால் அவளுக்குத் தோன்றவே இல்லை.

“பாத்தீங்களா மேடம், முதுகுல மேப் வரைஞ்சிருக்கா.” மூத்தவளின் கோட்டில் ஈரத்தின் சுவடே இல்லை.

“சரி, இந்தக் கோட்டே இருக்கட்டும்,” என்று மேலாளர் உள்ளே திரும்பினார்.

“ஒரு நிமிஷம் மேடம். அக்காவ அதைக் கழட்டச் சொல்லுங்க.”

மூத்தவளின் விரல்கள் பொத்தானை இறுகப் பற்றின. “எதுக்குடி?”

“உள்ள எவ்வளவு ஜில்லுனு இருக்குன்னு மேடமும் பாக்கட்டுமே.”

லைனிங் கைகளை விட்டு வர மறுத்தது. தோலுரிப்பதுபோல் உரித்தே எடுக்க வேண்டியிருந்தது. உட்சட்டையைப் பிழிந்தால் வாளி நிறைந்திருக்கும். மூத்தவள் தள்ளாடித் தூணைப் பிடித்தாள். இளையவள் கை நீட்டவில்லை.

மேலாளர் லைனிங்கைத் தொட்டு, விரலைத் துடைத்துக்கொண்டார். “இதுக்குள்ள என் பொண்ணுங்கள வேக வைக்கணுமா? துணி இந்தக் கருநீலம், தையல் அவங்க நீள்சட்டையோடது. லைனிங் வேண்டாம். ரெண்டு பேரும் சேந்து முடிச்சுக் குடுங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் இருவர் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

கடைக்குள் முதலில் நுழைந்தவள் மூத்தவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையின் பின்னே போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

“துணி என்னுது. மேசையும் என்னுது.”

நீள்சட்டையின் ஒவ்வொரு துண்டுக்கும் இளையவள் வெட்டிவைத்திருந்த காகித வடிவங்கள் சுவரில் தொங்கின. அவள் அவற்றைக் கழற்றிச் சுருட்டி, அக்குளில் இன்னும் காயாத அந்த ஈர வட்டத்தின்மேல் இடுக்கிக்கொண்டாள்.

“வெட்டுங்களேன். கண்ணளவுலயே வெட்டுங்க, பாக்கலாம்.”

“மரியாதையா அதைக் குடுடி.”

“கத்தரிக்கோல கீழ வச்சுட்டுக் கேளுங்க.”

மாமியார் ஒருத்தியின் கையைப் பார்த்தார். மற்றவளின் அக்குளைப் பார்த்தார்.

“அப்போ ஓரம் அடிக்கப் போறது நானா?”

கருநீலத் துணி மடிப்புக் கலையாமல் மேசைமேல் கிடந்தது.