தாமல் ஏரிக்கரையில் பின்னோக்கி நகராத படகு வண்டி

1.

1968 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பதற்கென்று வாங்கப்பட்ட படகு, வெள்ளம் வந்த அன்று தரையில் நிற்கிறது. தாமல் ஏரியின் நடுவிலுள்ள மேட்டில், மேயப்போன நிறைசினைப் பசுவைத் தேடிச் சென்ற நீலாம்பாள் என்பவள் அப்பசுவோடு அகப்பட்டிருக்கிறாள். நீர் ஏறுகிறது. கரையிலோ அனைவரும் கடுமையாக உழைக்கிறார்கள்.

இதை எனக்குச் சொன்னவர், பேருந்து நிலையக் காப்பிக் கடையில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்தப் பெண்ணை நடுநீரில் விட்டுவிட்டு, காப்பிக்கு இன்னும் சர்க்கரை கேட்டார். முடிவைச் சொல்வதற்குள் பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: ‘கார்முகில்கள் கவிந்த காலைப்பொழுதில் தாமல் ஏரியானது…’ (அடித்துவிட்டேன். ஒருத்தியின் முழங்கால்வரை நீர் வந்தபின் முகிலை வருணிப்பது அநாகரிகம்.)

இரண்டாம் தொடக்கம்: ‘ஒன்றியப் பெருந்தலைவர் அப்பாதுரை, பிறந்தது முதலே…’ (இதுவும் வேண்டாம். எந்த ஒன்றியம் என்றும் கேட்காதீர்கள், உங்களுடையதாகவும் இருக்கலாம்.)

3.

கோளாறு இன்னதென்று விளக்கியாக வேண்டும். படகை ஏற்றிய இருசக்கர வண்டியை ஜீப் இழுக்கிறது. ஜீப் வேகத்தைக் குறைத்தால், வண்டி முன்னால் வந்து முட்டப் பார்க்கும். அப்போது இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு உள்ளே அமுங்கி, வண்டியின் பிரேக்கைப் பிடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் படகை நீரில் இறக்க ஜீப் பின்னோக்கி வந்தாலும் தண்டு அமுங்கத்தானே செய்யும்? யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள் என்று வண்டி எண்ணிக்கொள்கிறது. சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பின்னோக்கிப் போகும்போது தண்டு அமுங்காமல் தடுக்க ஓர் இரும்புக் கொக்கியும் கொடுத்திருந்தார்கள்.

“யோவ் வீரபத்திரன், கொக்கி எங்கய்யா?” என்றார் அப்பாதுரை.

“ஆயுத பூசைக்கு நீங்கதான சார் கழட்டி வெக்கச் சொன்னீங்க?” என்றான் ஜீப் ஓட்டுபவன். “சந்தனம் பூசி, பொட்டு வெச்சு, தட்டுல வெச்சோம். அப்பால பிரசாதத்தோட எங்க போச்சோ.”

“பிரசாதத்தத் துன்னவன் கொக்கியையுமா துன்னான்?”

“யாருக்குத் தெரியும் சார்? சுண்டல் கொஞ்சம் கடுசாத்தான் இருந்துது.”

(படகில் கட்டியிருந்த பதாகையில் ‘வெள்ள தடுப்பு படகு’ என்று எழுதியிருந்ததாம். வல்லெழுத்து இரண்டிடங்களில் மிகவேண்டும். பெண்ணை மீட்டபின் இதைக் கவனிக்கலாம்.)

4.

பிள்ளையார்பாளையத்திலிருந்து பஞ்சாட்சரமும் அவர் ஆட்களும் வரவழைக்கப்பட்டார்கள். தேர் நகர மறுத்தால் பின்னாலிருந்து நெம்புமரம் கொடுத்துத் தள்ளுபவர்கள். ஜீப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தண்டின் முனையிலேயே மரத்தைக் கொடுத்துத் தள்ளினார்கள். அவர்கள் எவ்வளவு தள்ளினார்களோ, சக்கரம் அவ்வளவு இறுகியது.

“இன்னாபா பஞ்சாட்சரம், அம்மாம் பெரிய தேரையே தள்றீங்க. ஒரு படகு நவுல மாட்டேங்குதே?”

“தேருக்குள்ள சாமி இருக்குது சேர்மன். இதுக்குள்ள யாரு இருக்குறாங்க?”

“நானுந்தானய்யா தள்ளிக்கினு இருக்கேன்!”

இவ்விடத்தில் அப்பாதுரையைப் பற்றி எனக்கோர் ஐயம். அவரைக் கயவராக எழுதினால் நீங்கள் மகிழ்வீர்கள், வேலை எளிது. ஆனால் அவரும் தோள் கன்றும்படி தள்ளினார். அங்கே சோம்பேறி ஒருவருமில்லை. அதுதான் என்னைக் கொதிக்கவைக்கிறது.

5.

நான்காம் பகுதியை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து குரல் வந்தது.

“வாத்தியாரே! இன்னா எழுதிக்கினே இருக்க? தண்ணி இடுப்புக்கு வந்துட்டுது!”

கதைமாந்தர் ஆசிரியரை விளிக்கும் முறை எனக்கு உடன்பாடன்று. ஆயினும் நிறுத்தினேன்.

“ஜீப்பு இழுத்துக்கினு வந்தப்போ வண்டி உருண்டுச்சா, இல்லியா? தள்ளுனாத்தான நிக்குது? இந்தப் பக்கத்துலேந்து இழுக்கச் சொல்லு!”

“அம்மா, அந்தப் பக்கம் என்றால் ஏரி.”

“ஆமா. எறங்கித்தான் இழுக்கணும்.”

“நனைந்துவிடுவார்களே.”

“நான் மட்டும் இன்னா, காஞ்சிக்கினா இருக்கேன்?”

வண்டியின் பின்புறத்தில் கயிற்றைக் கட்டச் செய்து, மறுமுனையை நீரில் எறியச் செய்தேன். தண்டைத் தொடாமல் பின்னாலிருந்து இழுத்தால் பிரேக் பிடிக்காது; சக்கரம் உருளும். கண்டுபிடித்துவிட்டோம். அனைவரும் கைதட்டினார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

“தள்ளத்தான் கூப்ட்டீங்க. இழுக்கறதுன்னா மொதல்லயே சொல்லியிருக்கணும்,” என்றார் பஞ்சாட்சரம்.

“நான் ஜீப்புக்கு டிரைவர் சார். படகுக்கு இல்ல,” என்றான் வீரபத்திரன்.

“ஈர வேட்டியோட நாளைக்கி பேப்பர்ல போட்டோ வந்தா நல்லாவா இருக்கும்?” என்றார் அப்பாதுரை. பிறகு மூவரும் பழைய இடத்துக்குப் போய், இன்னும் வேகமாகத் தள்ளத் தொடங்கினார்கள்.

6.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். கொக்கி பூசைத் தட்டிலேயே கிடைத்துவிடுகிறது. (கிழித்தேன். தொலைத்தவர்களுக்குப் பரிசளிப்பதாகும்.) மழை ஓய்ந்து நீர் வடிகிறது. (கிழித்தேன். அவளைக் காப்பாற்றியது வானம் என்று நாளை விழா எடுப்பார்கள்.) அப்பாதுரை மனம் மாறி நீரில் பாய்கிறார். (இரண்டு வரிவரை பாய்ந்தார். மூன்றாம் வரியில் துண்டை எடுக்கத் திரும்பிப் போய்விட்டார்.)

கடைசியில் நானே இறங்கினேன். ஆசிரியன் கதைக்குள் நுழையலாகாது என்பார்கள், சொல்லட்டும். நீர் சில்லிடுகிறது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் பின்னோக்கி ஒரு சாண் உருண்டது. உருண்டது, ஐயா! ஆனால் என் வயதுக்கு அந்த ஒரு சாண்தான். நீலாம்பாள் இப்போது பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு…

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. உங்களைத்தான் சொல்கிறேன், வாசகரே. இவ்வளவு நேரம் உலர்ந்த இடத்தில் உட்கார்ந்து, ‘அடடா’ என்று நீங்களும் தள்ளிக்கொண்டுதான் இருந்தீர்கள். செருப்பைக் கழற்றுங்கள். வேட்டியோ புடைவையோ, இழுத்துச் செருகுங்கள். எனக்குப் பின்னால் கயிறு நீளமாகக் கிடக்கிறது. இறங்கிப் பிடியுங்கள்.