ஐம்பத்து மூன்றாவது வாரம்

சுவரில் மாட்ட ஒரு காலண்டர் வேண்டுமென்றால் மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். தானியங்கியோ கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை.

தானியங்கி என்பது அவனுக்கு மனைவி வைத்த பெயர். இரண்டு நிமிஷத்தில் கையால் முடிகிற வேலைக்கு இரண்டு நாள் செலவழித்துப் புரோகிராம் எழுதுவான் என்பதால் வைத்தாள். நன்றாக இருந்த காலத்தில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். பிரிந்து மூன்று வருஷமாகிறது. பீரோவும் கட்டிலும் அவளோடு போயின, பெயர் இவனோடு தங்கிவிட்டது. இப்போது அவளை மனைவி என்று சொல்வதில்லை, வாலுவின் அம்மா என்பான். வாலு அவர்கள் மகள். ஒன்பது வயது, பெயருக்கேற்ற சேட்டை.

ஏற்பாடு எளிமையானது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் போய் வாலுவை அழைத்து வர வேண்டும், ஞாயிறு மாலை கொண்டுபோய் விட வேண்டும். இதை நினைவு வைத்துக்கொள்ள பெரிய மூளை தேவையில்லை. அவனுக்கு இருந்த பெரிய மூளையால்தான் அது முடியவில்லை. ஜூனில் ஒரு சனிக்கிழமை, ஆபீஸில் சர்வர் மாற்றுகிற வேலையில் சுத்தமாக மறந்துபோனான். அக்டோபரில் ஒரு வாரம் தள்ளிப் போய், கையில் பலூனோடு வாசலில் நின்று இளித்தான். முந்தின சனிக்கிழமை முழுக்க வாலு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பலூனை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

வாலுவின் அம்மா மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். கத்துகிற பழக்கம் இல்லை. எந்த மாத்திரை எத்தனை வேளை என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"இது ரெண்டாவது தடவை. மூணாவது தடவை நீங்க வராம விட்டா, அப்புறம் மாசத்துக்கு ஒரு நாள்தான். வக்கீல்கிட்ட சொல்லி எழுதி வாங்கிடுவேன்."

"இல்ல, ஃபோன்ல நினைவூட்டல் வச்சிருந்தேன், அது அடிக்கவே..."

"ஃபோனா அவளுக்கு அப்பா?"

திரும்பி வரும் பஸ்ஸில், காலி இருக்கையில் பலூனை உட்காரவைத்துவிட்டு, இனி தன்னை நம்புவதில்லை என்று முடிவெடுத்தான். சரியான முடிவுதான். ஆனால் நம்ப வேறு ஆள் தேடும்போது அவன் கண்ணில் பட்டது கம்ப்யூட்டர்.

நாட்களையும் வாரங்களையும் கணக்குப் போட யாரோ புண்ணியவான்கள் ஏற்கெனவே ஒரு லைப்ரரி, அதாவது எடுத்துப் பயன்படுத்தத் தயாரான புரோகிராம் மூட்டை, எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வருஷம், எந்த மாதம் என்று சொன்னால் போதும், வாரம் வாரமாக எண்களை அடுக்கிக் கொடுத்துவிடும். அதை வாங்கிக் கட்டம் கட்டி, தலைப்புப் போட்டு, நிறம் பூசினால் காலண்டர். ஒரு மணி நேர வேலை என்று கணக்குப் போட்டான். அவன் போட்ட கணக்குகளில் அதுவும் ஒன்று.

முதல் நாள் வந்த காலண்டரில் மாதம் ஒன்றாம் தேதிக்கு முன்னால் நாலைந்து பூஜ்யம் தேதிகள் இருந்தன. வெற்றுக் கட்டத்துக்கு லைப்ரரி பூஜ்யம் கொடுக்கும், நாம்தான் அதை அழிக்க வேண்டும். அழித்தான். மறுநாள் பார்த்தால் உலகமே ஒரு நாள் பின்வாங்கியிருந்தது, திங்கட்கிழமை வர வேண்டிய தேதியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. தலைப்பில் இவன் ஞாயிறு முதல் சனிவரை கையால் எழுதியிருந்தான், லைப்ரரியோ வாரத்தைத் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்திருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது அவனுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டான். அந்தப் பெருமையிலேயே அடுத்ததைக் கவனிக்கவில்லை.

அடுத்தது அவனுடைய சனிக்கிழமைகள். அவற்றை ஆரஞ்சு நிறத்தில் போட வேண்டும். டிசம்பரிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கும் கையால் குறித்தால் அஞ்சு நிமிஷம். ஆனால் தானியங்கி என்று சும்மாவா பெயர் வந்தது? லைப்ரரி ஒவ்வொரு வாரத்துக்கும் ஓர் எண் கொடுக்கும், வருஷத்தின் முதல் வாரம் ஒன்று, அடுத்தது இரண்டு என்று. பழைய தேதிகளைப் போட்டுப் பார்த்தான். அவன் முறை எல்லாமே இரட்டை எண் வாரத்தில் வந்திருந்தது. நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தான். இரட்டை என்றால் ஆரஞ்சு, ஒற்றை என்றால் வெள்ளை. ஒரே வரியில் முடிந்துவிட்டது.

ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரியிடம் காட்டினான். மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம், எல்லாரும் அவளைச் சோதனை அக்கா என்பார்கள்.

"நல்லா இருக்கு தம்பி. வருஷம் மாறுற எடத்தைப் பார்த்தீங்களா?"

"அக்கா, நாலாயிரமாவது வருஷம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன். அந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். கரெக்டா வருது."

"நாலாயிரத்தை விடுங்க. வர்ற ஜனவரியைப் பாருங்க."

சோதனை அக்காவுக்கு எதிலும் குறை கண்டால்தான் சாப்பாடு இறங்கும் என்று நினைத்துக்கொண்டு மேலுக்குத் தலையாட்டினான். ஜனவரியைப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக எழுத்தின் அளவை மாற்றிக்கொண்டிருந்தான்.

தடித்த தாளில் இரண்டு பிரதி அச்சடித்தான். ஒன்று தன் அறைச் சுவரில், இன்னொன்று வாலுவின் மேஜைக்கு மேலே. அவள் விரலால் ஒவ்வொரு ஆரஞ்சுக் கட்டமாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீ வர்ற நாளாப்பா?"

"ஆமா. கம்ப்யூட்டர் போட்டது. தப்பே வராது."

டிசம்பர் இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் நின்றான். வாலுவின் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் அது பாராட்டு.

புது வருஷம் பிறந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, சுவரில் அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. ஆரஞ்சு பதினாறில்தான். தானியங்கி துணி துவைத்தான், ஒரு முட்டையை வேகவைத்தான், பிறகு காலண்டரில் நிலா தேய்வதையும் வளர்வதையும் சேர்த்தால் வாலு சந்தோஷப்படுவாள் என்று தோன்றி வேலையில் இறங்கினான். யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஃபோனின் வாயை அடைத்துக் கவிழ்த்து வைத்தான். மகளின் சந்தோஷத்துக்காக அவ்வளவு கவனமாக இருந்தான். பதினொன்றரைக்கு நிமிர்த்திப் பார்த்தால் ஏழு அழைப்புகள். எட்டாவது அப்போதே வந்தது.

"எங்க இருக்கீங்க?" வாலுவின் அம்மா.

"வீட்லதான். ஏன், குழந்தைக்கு உடம்பு ஏதாவது..."

"ஒன்பது மணியிலேருந்து மாடிப்படியில பையோட உட்கார்ந்திருக்கா."

"இன்னைக்கு என் முறை இல்லையே. பதினாறுதான். அங்கயும் காலண்டர் மாட்டியிருக்கே, பாரேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருந்தன்மை பொங்கிவிட்டது. "பரவாயில்ல, எல்லாருக்கும் மறதி வர்றதுதான்."

அந்த வாக்கியம் பிறகு எத்தனையோ நாள் குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் அவன் காதில் ஒலித்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொள்வான்.

"கடைசியா எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள் வாலுவின் அம்மா.

"டிசம்பர் இருபத்தாறு."

"எண்ணுங்க."

விரலைவிட்டு எண்ணினான். சம்பளத்துக்குக் கணக்குப் போடுகிறவன், நாலாயிரமாவது வருஷத்துப் பிப்ரவரியைப் பார்த்துவிட்டு வந்தவன், பாத்திரம் கழுவாத சமையல் மேஜையருகே நின்று விரல்விட்டு எண்ணினான். ஒரு வாரம், ஜனவரி இரண்டு. இரண்டு வாரம், ஜனவரி ஒன்பது. இன்னொரு தடவை எண்ணினான். அப்போதும் ஒன்பதுதான் வந்தது.

திரையில் வார எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தான். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று, ஒன்று, இரண்டு. எப்போதும் ஐம்பத்திரண்டு வாரத்தோடு வருஷம் முடிந்துவிடும், அடுத்து ஒன்று வரும், இரட்டையும் ஒற்றையும் மாறி மாறி ஓடும். சில வருஷங்களுக்கு மட்டும் ஐம்பத்து மூன்றாவது வாரம் ஒன்று உண்டு. அதுவும் ஒற்றை, அடுத்து வருகிற ஒன்றும் ஒற்றை. இரண்டு ஒற்றை வாரம் அடுத்தடுத்து வந்ததில் அவன் முறை ஏழு நாள் தள்ளிப்போய்விட்டது. லைப்ரரி ஒரு பிசகும் செய்யவில்லை. இவனுக்கு ஒரு மகள் இருப்பது அதற்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும்.

சட்டையை மாட்டிக்கொண்டே படியிறங்கினான். இரண்டு பஸ் மாற வேண்டும். வழியெல்லாம் விளக்கத்தைத் தயார் செய்தான். வார எண், ஒற்றை, இரட்டை, ஐம்பத்து மூன்று, எல்லாமே உண்மை. இரண்டாவது பஸ்ஸில் அதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது, ஃபோனில் நினைவூட்டல் அடிக்கவில்லை என்று சொன்ன அதே ராகத்தில் இருந்தது. அவனுக்கே காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

வாலு மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பையின்மேல் கன்னம். அவனைப் பார்த்ததும் எழுந்து ஓடி வரவில்லை. அவள் அம்மா கதவருகே நின்றாள்.

"சொல்லுங்க," என்றாள். "இந்தத் தடவை யாரு? சர்வரா, ஃபோனா?"

"நான்தான்," என்றான். "ரெண்டு வாரத்தை எண்ணத் தெரியாம ஒரு புரோகிராம் எழுதி, அதை நம்பி வீட்ல உட்கார்ந்திருந்தேன். வேற யாரும் காரணமில்ல. என் தப்பு."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பீரோவும் கட்டிலும் இன்னும் ஒரே வீட்டில் இருந்திருக்குமோ என்னவோ. இப்போது அதை நினைத்து என்ன ஆகப்போகிறது?

அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். "ரொம்ப நேரம் காத்திருந்தியாடா?"

"நான் எண்ணினேன்பா," என்றாள் வாலு, பையைப் பார்த்தபடியே. "நீ போன தடவை வந்ததுலேருந்து. பதினாலுதான் வந்துச்சு. ஆனா காலண்டர்ல இருபத்தொண்ணு இருந்துச்சு. நீ போட்டதாச்சே, தப்பே வராதுன்னு சொன்னியே, அதனால நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் படியில..."

"எதுக்கும் இருக்கட்டும்னு பையை எடுத்து வச்சேன்."

தானியங்கி அழுதான். தெருவில் போகிற ஆட்கள் பார்க்க, நாற்பத்தோரு வயது ஆம்பளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதது பார்க்கச் சகிக்கவில்லை. வாலு தன் பையைத் திறந்து துவாலையை எடுத்துக் கொடுத்தாள்.

அவள் அம்மா உள்ளே போய்க் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு பச்சைப் பென்சில். இரண்டையும் வாலுவின் கையில் கொடுத்தாள்.

"மூணு மாசம் பார்க்கறேன்," என்று அவனிடம் சொன்னாள். "இனிமே இவ எண்ணுவா. இவ போடற வட்டம்தான் கணக்கு. அதுல ஒண்ணு தவறினாலும் வக்கீல்கிட்ட போறேன்."

வாலு படியிலேயே குப்புறப் படுத்து, உதட்டை அசைத்து எண்ணி, பச்சை வட்டமாகப் போட்டாள். ஆரஞ்சுக் கட்டங்களின் தலையிலெல்லாம் பெருக்கல் குறி விழுந்தது. மூன்று வார உழைப்பு பத்து நிமிஷத்தில் ஒழிந்ததை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஃபோனில் அதைப் படம் பிடித்து, திங்கட்கிழமை ஆபீஸில் அச்செடுத்துத் தன் மேஜையில் ஒட்டினான்.

ஒட்டும்போதுதான் கவனித்தான். மார்ச்சில் இருபதாம் தேதிமேல் விழ வேண்டிய வட்டம் பத்தொன்பதில் விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை. அடுத்த வட்டம் மறுபடி சனிக்கிழமைக்கே வந்துவிட்டது, எப்படி என்று அவளைக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கே விடுமுறை விண்ணப்பத்தை நிரப்பினான். சோதனை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"மார்ச்சுக்கு இப்பவே லீவா? வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?"

"பொண்ணு வட்டம் போட்டிருக்கா அக்கா."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தாள். தப்புக் கண்டுபிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "இது ஒரு நாள் முன்னால இருக்கே தம்பி. சனிக்கிழமைதானே வரணும்? குழந்தைகிட்ட சொல்லித் திருத்திடுங்க."

"சொன்னா, தான் தப்பா எண்ணிட்டோம்னு நினைப்பா," என்றான். "ஒரு தடவை நினைச்சது போதும்."

"அப்ப?"

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் விடற நேரத்துக்கு வாசல்ல போய் நிப்பேன். சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கும் போய் நிப்பேன்."