தனசேகரனின் காப்பு

தீமிதிக்குத் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதில் தனசேகரனுக்குப் பரம சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நாலைந்து நாளாகத் தூக்கமே இல்லை. போன வருடம் கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும், "கால் சுட்டுச்சுன்னா அம்மன் வந்து மருந்து போடுமா?" என்று கேட்டவன் அவன்தான். கேட்டுவிட்டு, மறுநாளே முதல் ஆளாகப் பூக்குழி இறங்கியவனும் அவன்தான். இந்த வருடம் ஆள் சேர்க்கும் பொறுப்பு சத்யபாமாவுக்கு. அவள் அவனை நைசாக விட்டுவிட்டாள்.

"அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், காப்புக் கட்டும் நாளில் கோயிலுக்கே வந்து நின்றான். வரமாட்டேன் என்பதை நேரில் வந்து சொல்வதுதானே மரியாதை?

"மா சத்யா, நான் இந்த வருசம் மிதிக்கல. தெரியுமில்ல?"

"தெரியும், கோ தனா. யாபாதே, பரவாயில்ல," என்றாள், அவனுடைய 'மா'வுக்குப் பதில் மரியாதையாக ஒரு பர்மியக் 'கோ' சேர்த்து.

"என்ன பரவாயில்ல? ஏன் மிதிக்கலன்னு கேக்கமாட்டியா?"

"சரி, ஏன்?"

"அதை ஏன் உங்கிட்ட சொல்லணும்?"

சத்யபாமா சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பூசாரி வரிசையாக எல்லார் கையிலும் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டே வந்தார். தனசேகரன் வரிசையில் நிற்கவில்லை. பக்கத்தில் நின்று வரிசையைக் கேலி செய்துகொண்டிருந்தான். அவர் நெருங்கியதும், வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தான். மந்திரத்தில் பாதி கண்ணை மூடியிருந்த பூசாரிக்கு, நீண்ட கை எல்லாமே காப்புக்கு நீண்ட கைதான். கட்டிவிட்டார்.

"யோவ், அவுருய்யா!"

"காப்புக் கட்டின பிறகு யாரையும் வையக் கூடாது," என்றாள் சத்யபாமா. "காலைல மீன் கீன் சாப்ட்டீங்களா, கோ தனா? சாப்ட்டிருந்தா சொல்லுங்க. விரதம் இல்லாத கைக்குக் காப்பு ஆகாது, இப்பவே அவுத்துரலாம்."

வழி பிறந்துவிட்டது. அன்று காலை டீக்கடையில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸை அவன் இரண்டு கிண்ணம் வழித்துத் தின்றிருந்தான். ஏப்பம் இன்னும் அதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"மீனா? நானா? ஒரு மாசமா கண்ணால பாக்கல."

சொன்ன கணமே தன் மேலேயே கடுங்கோபம் வந்தது. நம்பாத சாமிக்காகப் பொய் சொல்கிற முட்டாள் யாங்கோனில் வேறு எவன் இருப்பான்? வெறும் நூல். ஒரு வெட்டு வெட்டினால் போச்சு. இழுத்துப் பார்த்தான். முடிச்சு லேசாக நெகிழ்ந்து கொடுத்தது.

"பூசாரி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு வேலையும் ஒழுங்கா தெரியாதா? நல்லா இறுக்குங்க."